கடை ஊழியர்களே, பின்வாசலைப் பார்த்தீர்களா?

மிதானி ஆலையும் ராணுவ ஆராய்ச்சிக் கூடங்களும் உள்ள ஹைதராபாத்தின் காஞ்சன்பாக்கில், பாதுகாப்பு என்றால் ஆலை வேலைக்குத்தான் என்று நினைக்கத் தோன்றும். மளிகை, ஜவுளிக் கடைக்கும் அது வேண்டும். பொறுப்பு முதலாளிக்கு மட்டுமல்ல, ஊழியருக்கும் உண்டு.

முதலில் பின்வாசல். அட்டைப்பெட்டி அடுக்க வசதியான இடம்தான், ஆனாலும் கூடாது. 2025 மே 18 அன்று சார்மினார் அருகே குல்சார் ஹவுஸில், கீழே நகைக்கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டடத்தில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். வெளியேறும் வழி மிகக் குறுகல்.

தீயணைப்புக் கருவியில் மானி இருந்தால் முள் பச்சையில் நிற்க வேண்டும். பின்னை உருவி, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, கைப்பிடியை அழுத்தி இடமும் வலமுமாக வீசுங்கள். ஒயர் எரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முடிந்தால் மெயினை அணையுங்கள்.

சிந்திய எண்ணெயைப் பார்த்தவரே துடைக்கட்டும், “பையன் வரட்டும்” என்று விடாதீர்கள். மேல் ரேக்குக்கு ஏணிதான், அரிசி டின் அல்ல. மூட்டையை முழங்கால் மடக்கித் தூக்குங்கள்.

நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும். கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டமே திருத்தியது. நீங்களும் ஒரு ஸ்டூல் கேளுங்கள், தயங்காதீர்கள்.

அவசர உதவிக்கு 112, தீயணைப்புக்கு 101. இரண்டையும் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.