தை மாதக் கல்யாணம்: அக்கா போட்டுக் கொடுக்கும் கணக்கு

தை மாதம் முகூர்த்தம் என்றால் காஞ்சிபுரத்துப் பெண்ணுக்கு ஆடியிலேயே வேலை தொடங்கிவிட வேண்டும், தங்கச்சி. ஆடியில் கல்யாணம் கிடையாது. முகூர்த்தப் புடவைக்கு அடித்துப் பிடித்து வரும் கூட்டமும் குறைவு. தறிக்காரர் நின்று நிதானமாகப் பேசுகிற மாதம் அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு போட முடியாது, நூல் காயாது, தறிக்குழியில் ஈரம் ஏறும். பத்து நாளில் இறங்க வேண்டிய புடவை இருபது நாள் இழுக்கும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடினால் கடையில் தொங்குவதில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். விலையும் அவர்கள் சொன்னதுதான்.

முதல் நாள் கையில் பணமே எடுத்துப் போகாதே. காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா என்று நம் ஊரில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அங்கே போய் விலைச் சீட்டைப் பார், எடை கேள், தள்ளுபடி எவ்வளவு என்று கேள். வாங்காமல் எழுந்து வந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். சங்கத்து விலை மனதில் பதிந்த பிறகுதான் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகள். ஆட்டோக்காரர் "நல்ல கடை ஒன்று இருக்கும்மா" என்று கூட்டிப்போகும் இடத்தில், அவருக்குப் போகும் கமிஷனும் உன் பில்லில்தான் ஏறும். வெளியூரிலிருந்து வரும் உன் நாத்தனார்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடு.

புடவையை எடுத்ததும் முந்தியை விரித்துப் பார்ப்பதுதான் எல்லாருக்கும் பழக்கம். நீ பின்பக்கத்தைத் திருப்பு. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பேட்டுக்கும் (கரைக்கும்) இரண்டு நாடா, ஆக மூன்று நாடா ஓடும். தறியில் நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் நாடா கொடுக்க இன்னொருவர். உடலும் பேட்டும் சேரும் கோட்டில் இரண்டு நிற ஊடை இழைகளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சின்னச் சின்னப் பல்லாக நிற்கும். விரலை வைத்து இழுத்தால் சற்றும் விலகாது. அப்புறம் முந்தி தொடங்கும் இடம். உடலின் பாவு ஒரு நிறம், முந்தியின் பாவு வேறு நிறம் என்றால், இரண்டையும் இழை இழையாகக் கையால் பிணைத்திருப்பார்கள். பிட்னி என்பார்கள். அந்த இடத்தில் மெல்லிய மேடு கையில் தட்டுப்படும், பின்பக்கம் நறுக்கின நூல் நுனிகள் தெரியும். அந்த மேடு பழுது இல்லை. ஒருவர் மணிக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்து செய்த வேலை அது. அதற்குத்தான் நீ பணம் கொடுக்கிறாய்.

கோர்வை இல்லாத காஞ்சிப் பட்டும் அசல்தான். ஒற்றை நாடாவில் ஒருவரே நெய்து முடிப்பதால் கூலி குறைவு, விலையும் இறங்கும். முகூர்த்தத்துக்கு ஒரு கோர்வை, நிச்சயத்துக்கு ஒரு ஒற்றை நாடாப் புடவை, அவ்வளவு போதும் என்பேன். ஆறு பட்டு எடுத்து ஐந்தை பீரோவில் தூங்கவைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

ஜரிகை விஷயத்தில் கூச்சப்படாமல் கேள். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. நம் ஊரிலேயே தமிழ்நாடு ஜரிகை ஆலை என்ற அரசு நிறுவனமும் இருக்கிறது. ஓர் இழையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் சந்தேகப்படு. ஆனால் சிவப்பைக் கண்டு மட்டும் நம்பிவிடாதே, அதையும் சாயம் போட்டுக் கொண்டுவருகிறார்கள். "ஜரிகை என்ன தரம்?" என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதித் தரச் சொல். 2004-ல் வந்த சில்க் மார்க் முத்திரை, பட்டு சுத்தமானது என்று மட்டும்தான் உறுதி சொல்கிறது. ஜரிகைக்கு அது பொறுப்பில்லை. 2006-ல் வந்த கைத்தறி முத்திரை, கைத்தறியில் நெய்தது என்பதற்கு. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-லேயே கிடைத்துவிட்டது. மூன்றும் மூன்று விஷயம். ஒன்றைக் காட்டி மற்றதையும் சேர்த்துச் சொல்லும் விற்பனையாளர் முன்னால் இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விலை குறைந்த அரை ஜரிகை, டெஸ்டட் ஜரிகை வாங்குவது தப்பே இல்லை. அதை அசல் விலைக்கு வாங்காமல் இருந்தால் சரி.

இனி நான் சொல்லப்போவதுதான் பெரிய மிச்சம். தறியில் ஒரு பாவு ஏற்றினால் பெரும்பாலும் மூன்று புடவை நெய்யலாம். நானும் பெரியப்பா மகள்கள் இருவரும் சேர்ந்து ஒரே பாவு கொடுத்தோம். பாவு மூன்றுக்கும் அரக்கு. என்னுடையதற்கு ஊடையும் அரக்கு, ஒருத்திக்குப் பச்சை ஊடை, இன்னொருத்திக்கு நீல ஊடை. நீலம் ஓடினது வெயிலில் கத்தரிப்பூவாகவும் நிழலில் அரக்காகவும் தெரிகிறது. பார்க்கிறவர்களுக்கு மூன்றும் வேறு வேறு புடவை. எங்களுக்கு ஒரே தறி, ஒரே டிசைன் அட்டை, ஒரே பேச்சுவார்த்தை. பிள்ளையார்பாளையத்தில் காலை வெயில் ஏறும் முன்பு தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் நின்று அறுந்த இழையைத் தேடி முடிவார்கள். உன் பாவு தெருவில் ஏறுகிற நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போய் நின்று பார். காப்பிக்காசு செலவில்லை. பிறகு அந்தப் புடவையை ஆயுசுக்கும் அலட்சியமாகக் கையாள மாட்டாய்.

பேரம் பேசு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைக்காரரின் லாபத்தில் பேசு. நேரே தறிக்காரரிடம் எடுத்தால் கூலியில் கை வைக்காதே. ஒரு புடவைக்குப் பின்னால் சாயம் போடுகிறவர், பாவு போடுகிறவர், நெய்கிறவர், அவர் வீட்டுப் பெண்கள் என்று எத்தனையோ பேர் உழைப்பு இருக்கிறது. சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு இனிப்பைக் குறைத்து அந்தக் கூலியைக் கொடுக்கலாம்.

மாதச் சம்பளத்தில் சேர்க்க வேண்டுமென்றால், 1935-ல் தொடங்கின கோ-ஆப்டெக்ஸில் 'கனவு நனவு' என்று மாதத் தவணைத் திட்டம் இருக்கிறது. நீ தவணை கட்டி முடித்ததும் அவர்கள் பங்கையும் சேர்த்து, தள்ளுபடியோடு துணி எடுக்க விடுகிறார்கள். இப்போதைய விதியைக் கிளையில் கேட்டுக்கொள். தேதி குறிக்கும் வரை காத்திராமல் வேலைக்குப் போன முதல் வருஷமே சேர்ந்துவிட வேண்டும்.

வரவேற்புக்கு அம்மாவின் புடவையைக் கட்டு. மடிப்பில் விட்டுப்போகாமல் இருந்தால் ரோலிங் பாலிஷுக்குக் கொடுத்து, புது பால்ஸ் தைத்து, எதிர் நிறத்தில் ஒரு ரவிக்கை. பழைய பட்டு வாங்குகிறவர் வீட்டு வாசலுக்கு வந்தால் அம்மாவைக் கொடுக்க விடாதே. அவர்கள் எடுப்பது ஜரிகையிலுள்ள வெள்ளிக்காகத்தான். புதுப் புடவையோ பழையதோ, கல்யாண நாளில் சென்ட்டை ஜரிகை மேல் அடிக்காதே, கறுத்துப் போகும். கழற்றியதும் நிழலில் காற்றாட விட்டு, வெளுத்த மல் துணியில் சுற்றி வை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்று. பாச்சை உருண்டை வேண்டாம், வசம்பைத் துணியில் முடிந்து போட்டால் போதும்.

டிசைனுக்கு இன்டர்நெட்டைத் துழாவுகிறாயே, நம் ஊர்க் கோயில்கள் எதற்கு இருக்கின்றன? வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் தூணுக்குத் தூண் யாளியும் குதிரையும் நிற்கின்றன. புடவையில் வரும் யாளியும் அன்னமும் மயிலும் கோபுரமும் இந்த மாதிரிக் கல்லிலிருந்து இறங்கி வந்தவைதான். ஒரு சாயங்காலம் அம்மாவையும் சித்தியையும் கூட்டிப் போய் ஒவ்வொரு தூணாகப் பார்த்து, பிடித்ததைப் போனில் எடுத்துத் தறிக்காரரிடம் காட்டு. கல்யாணம் ஆகிப் போன பிறகு அம்மாவோடு இப்படி அவசரமில்லாமல் நடக்கும் சாயங்காலம் லேசில் வாய்க்காது. பத்திரிகை அச்சடிப்பதும் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதும்தான் கல்யாண வேலை என்று இந்த மாதங்களை ஓட்டிவிடாதே.

வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமான குடலை இட்லியை வீட்டில் செய்யப் பழகிக்கொள். கோயிலில் மூங்கில் குடலைக்குள் மந்தார இலையை விரித்து மாவை ஊற்றி நெடுநேரம் வேகவைக்கிறார்கள். வீட்டில் டம்ளர் போதும். பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, சுக்கு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் தாராளமாக விட்டுக் கலக்கு. நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்களுக்கு இதை வட்டம் வட்டமாக நறுக்கி மிளகாய்ப்பொடியோடு கொடு. சாம்பார் வேண்டாம். இந்த இட்லி மறுநாள் பஸ் பயணத்துக்கும் கெடாது. கேட்டரிங்குக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கு மிச்சம். சம்பந்தி வீட்டுக்கு நம் ஊர் ருசியும் தெரியும்.

பூவுக்கு ஒரு வார்த்தை. தையில் பனி. மல்லி வரத்து குறைந்து, முகூர்த்த நாளில் விலை எட்டாத உயரத்தில் இருக்கும். தலைக்கும் மாலைக்கும் மட்டும் மல்லி. மேடைக்கும் வாசலுக்கும் சம்பங்கி, செவ்வந்தி, மாவிலை, தென்னங்குருத்து. பூக்கடை சத்திரத்தில் ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தால் கட்டியே கொடுப்பார்கள்.

நகைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 22 காரட் 916 முத்திரை, பிஐஎஸ் சின்னம், ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறியீடு, இவை மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அந்தக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது. போனில் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த ஆறையும் தட்டினால் விவரம் வரும். கடையிலேயே நின்று பார். செய்கூலி, சேதாரம் இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல். கல் வைத்த நகையில் கல்லின் எடையைத் தங்க எடையோடு சேர்க்க விடாதே. கடன் வாங்கி ஒரு பவுன்கூட வேண்டாம்.

கல்யாணத்தையே எளிமையாக நடத்த வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அதற்கு வழி போட்டுக் கொடுத்தவர் நம் ஊர்க்காரர். 1909-ல் இங்கே பிறந்த அண்ணா முதலமைச்சரானதும், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார். 1967-ல் நிறைவேறி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும், சட்டப்படி திருமணம்தான். புரோகிதர் வேண்டுமா வேண்டாமா என்பது இரு வீட்டாரின் விருப்பம். ஆயிரம் பேர் மண்டபம் இல்லாவிட்டால் கல்யாணம் செல்லாது என்று யாரும் உன்னை மிரட்ட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எப்படி நடந்தாலும் பதிவு கட்டாயம். 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பத்திரிகை, வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோக்களை ஒரே கவரில் இப்போதே போட்டு வை. உன் தோழி ஒருத்தி அப்பா இல்லாமல் வளர்ந்தவள் என்றாயே, அவள் அம்மாவிடம் ஈ.வெ.ரா. மணியம்மையார் திருமண உதவித் திட்டத்தைப் பற்றிச் சொல். ஏழை விதவையின் மகளுக்குத் தாலிக்கு 8 கிராம் தங்கமும் பணமும் அரசு தருகிறது. கல்யாணத்துக்கு முன்பே இ-சேவை மையத்தில் மனுப் போட வேண்டும்.

மொய் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டுப் போடு. உனக்கு யார் என்ன கொடுத்தார்கள், தோராயமாக என்ன மதிப்பு என்று எழுதி, நீயும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போடுங்கள். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 1985-ஆம் ஆண்டு விதிகளே இப்படி ஒரு பட்டியல் வைக்கச் சொல்கின்றன. சந்தேகத்தால் செய்வதில்லை, வழக்கமாகச் செய்ய வேண்டியது. மொய்ப் பணத்தை மட்டும் வரவில் எழுதாதே. அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதை நம்பி மண்டபத்துக்குக் கை நீட்டிய வீடுகள் எத்தனையோ.

கடைசியாக, மாப்பிள்ளையிடம் நேரில் பேச வேண்டியது. அவருக்கு என்ன கடன் இருக்கிறது, வீட்டு வாடகை எவ்வளவு, உன் சம்பளம் யார் கணக்கில் இருக்கும், மாதா மாதம் அம்மா அப்பாவுக்கு நீ அனுப்பும் பணம் கல்யாணத்துக்குப் பிறகும் தொடருமா. இந்த நாலாவது கேள்வியை விட்டுவிடாதே. பெண் சம்பாதித்து, தான் வளர்ந்த வீட்டுக்குக் கொடுப்பதில் தலைகுனிய ஒன்றுமில்லை. போனில் வேண்டாம், கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ப் பேசுங்கள். ராஜசிம்ம பல்லவன் கட்டின கோயில், வார நாளில் கூட்டமே இருக்காது, புல்வெளியில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். அப்பா தயங்கினால் அண்ணனைத் துணைக்குக் கூட்டிப் போ. அவன் சுற்றுச் சிற்றாலயங்களில் மிஞ்சியிருக்கும் பழைய ஓவியத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும்.