செல்லப்பிராணி வளர்க்கிறீர்களா? நாய், பூனை உள்ள வீட்டில் அன்றாடம் கவனிக்க வேண்டியவை

பிள்ளை அடம்பிடித்தது என்பதற்காக ஒரு நாய்க்குட்டி வீட்டுக்கு வருகிறது. மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்ட பூனை மெல்ல வீட்டுப் பூனையாகிவிடுகிறது. அன்று முதல் அவற்றின் உடல்நலம் நம் பொறுப்பு. அதோடு நம் வீட்டாரின், அக்கம்பக்கத்தாரின் பாதுகாப்பும் நம் பொறுப்புதான். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்

“எங்க நாய் தெருவுக்கே போறதில்ல, அதுக்கு எதுக்கு ஊசி?” என்று கேட்பவர்கள் உண்டு. கதவு திறந்திருக்கும் ஒரு நிமிடம் போதும், நாய் வெளியே ஓடிவிடும். சுவர் ஏறிக் குதிக்கும் பூனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதல்ல. பூனைக்கும் வரும், பூனை மூலமாக மனிதருக்கும் வரும்.

நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். மூன்று மாத வயதில் நாய், பூனை இரண்டுக்குமே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். அதன்பின் மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்த ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. ஊசி போட்ட அட்டையை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வையுங்கள். உரிமம் வாங்கவும் அதுதான் தேவைப்படும்.

குடற்புழு நீக்க மருந்தும் முக்கியம். குட்டிகளுக்கு அடிக்கடி தர வேண்டும். வளர்ந்தவற்றுக்குப் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எடையைப் பொறுத்து அளவு மாறும் என்பதால் மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள்.

நாம் சாப்பிடுவதெல்லாம் அதற்கு ஆகாது

மிச்சமான குழம்புச் சோற்றை அப்படியே வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் பாலை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வையுங்கள்.

இன்னொன்று: காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பூனைக்கு பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறித்துவிடும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் பூனைக்குத் தடவக் கூடாது. சில மருந்துகள் நாய்க்கு ஒத்துக்கொள்ளும், பூனைக்கு விஷமாகும்.

அது சொல்வதைக் கவனியுங்கள்

வாலை ஆட்டினால் நாய் சந்தோஷமாக இருக்கிறது என்று எல்லா நேரமும் நினைக்கக் கூடாது. உடல் விறைத்து, வால் நிமிர்ந்து, வெறித்துப் பார்த்தால் ‘கிட்ட வராதே’ என்று அர்த்தம். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அடித்து அதை அடக்கிவிட்டால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். பூனை காதை மடக்கி வாலைச் சுழற்றினால் கொஞ்சுவதை நிறுத்திவிடுங்கள்.

சாப்பிடும்போதும், தூங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சிறு குழந்தையை நாயோடு தனியே விடாதீர்கள்.

சாதுவாக இருந்த பிராணி திடீரென்று சிடுசிடுத்தால் எங்கோ வலி இருக்கலாம். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி உட்கார்ந்தும் வரவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்; அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், காரணமில்லாமல் பாய்ந்து கடிக்கிறது என்றால் நீங்கள் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

வெயில் காலத்தில் நாயைக் காலை ஆறு மணிக்கு முன்போ, இருட்டிய பிறகோ நடத்திக் கூட்டிப்போங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் அதன் பாதமும் சுடும்.

கடித்துவிட்டால், கீறிவிட்டால்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். வெறிநோயின் அறிகுறி மனிதரிடம் தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். ஆனால் உடனே முறையாகச் சிகிச்சை எடுத்தால் அந்த நோய் வராமலே தடுக்கலாம்.

முதலில், காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள்.

அடுத்து, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள்களில் ஊசி. ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் போடுவார்கள். இரண்டு ஊசியோடு “சரியாயிடுச்சு” என்று நிறுத்தக் கூடாது.

“நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கே” என்றும் இருந்துவிடாதீர்கள். சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, நாயையோ பூனையையோ 10 நாள் கண்காணியுங்கள். அதன்பின் என்ன செய்வது என்பதை மருத்துவர் சொல்வார்.

பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. குட்டி நாய் கடித்ததைச் சொன்னால் அம்மா திட்டுவாங்க, நாயைக் கொண்டுபோய் விட்டுடுவாங்க என்று மறைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். “கடிச்சா உடனே சொல்லு, யாரும் திட்டமாட்டோம்” என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள். அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காப்பாற்றும்.

அரசு சேவைகள்

அரசு கால்நடை மருந்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் நாய், பூனைகளுக்குச் சிகிச்சை உண்டு. கால்நடைகளுக்கான அவசர மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கிறது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்க்கும் நாய், பூனைக்கு உரிமம் பெறுவது கட்டாயம். மாநகராட்சியின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் நாய் அல்லது பூனையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, கடைசியாக ஊசி போட்ட தேதியைப் பாருங்கள். ஓர் ஆண்டு தாண்டியிருந்தால், நாளைக் காலையே கிளம்புங்கள்.