பாஸ்குத் திரியும் பட்டப்பகலும்



உங்கள் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற அன்று கொடுக்கப்பட்ட மெழுகுதிரி இப்போது எங்கே இருக்கிறது? அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறதா? மின்சாரம் நின்றுபோன ஏதோ ஓர் இரவில் எரித்துத் தீர்த்துவிட்டீர்களா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. அந்தச் சிறு திரிக்குத் தாய் எது என்று சொல்லவே கேட்கிறோம்.

கோவிலில் நிற்கும் பெரிய பாஸ்குத் திரிதான் அதன் தாய். பெரிய சனிக்கிழமை இரவில் கோவிலுக்கு வெளியே புது நெருப்பு மந்திரிக்கப்படுகிறது. குருவானவர் திரியின்மேல் சிலுவை வரைகிறார். சிலுவைக்கு மேலே கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்து, கீழே கடைசி எழுத்து, நான்கு மூலைகளிலும் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள். ஆண்டவரின் ஐந்து திருக்காயங்களுக்கு அடையாளமாக ஐந்து சாம்பிராணி மணிகளும் பதிக்கப்படுகின்றன. ஆண்டைப் பொறிப்பதைக் கவனித்தீர்களா? ஆதியும் அந்தமுமானவர், கடனும் காய்ச்சலும் கலியாணமுமாய் நாம் கடந்து போகும் இந்த ஆண்டுக்கும் ஆண்டவர் என்பது அதன் பொருள்.

பிறகு இருண்ட கோவிலுக்குள் அந்த ஒரே சுடர் நுழைகிறது. மூன்று முறை நின்று கிறிஸ்துவின் ஒளி அறிவிக்கப்படுகிறது. சுடர் கைக்குக் கை மாறுகிறது. பாட்டியிடமிருந்து பேரனுக்கு, முன்பின் அறியாதவரிடமிருந்து உங்களுக்கு. அதன்பின் பாடப்படும் நீண்ட பாஸ்குப் புகழுரை அந்த இரவையே போற்றுகிறது. மெழுகு தந்த தேனீக்களைக்கூட அது மறப்பதில்லை!

சடங்குகள் மாறாதிருப்பதால்தான் மனதை இழுக்கின்றன என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அது பாதி உண்மைதான். ஆதித் திருச்சபையில் விசுவாசிகள் இரவெல்லாம் விழித்திருந்து ஜெபித்தார்கள். அந்த இரவில்தான் புதியவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். காலப்போக்கில் இந்தத் திருவிழிப்பு சிறிது சிறிதாக முன்னே தள்ளப்பட்டு, கடைசியில் சனிக்கிழமை காலையிலேயே நடக்கலாயிற்று. தபசுகாலம் மத்தியானத்தோடு முடிந்தது. ஜன்னல் வழியே வெயில் கொட்ட, குருக்கள் இரவின் மகிமையைப் பாடிக்கொண்டிருந்தார்கள்! கேட்க வந்தவர்களோ வெகு சிலரே. பல நூற்றாண்டுகள் இப்படியே சென்றன.

ஆயினும் ஒன்று நடந்தது. வெயிலுக்கு ஏற்றபடி அந்த வார்த்தைகளை யாரும் மாற்றிவிடவில்லை. பொருந்தாத நேரத்திலும் அவற்றை அப்படியே பாடிப் பாதுகாத்தார்கள். அதனால்தான் 12-ஆம் பத்திநாதர் என்ற பாப்பரசர் 1951-ல் திருவிழிப்பை மறுபடி இரவில் நடத்த அனுமதித்தபோது, திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது. 1955-ல் வெளியான கட்டளைப்படி 1956 முதல் பெரிய வாரச் சடங்குகள் முழுவதும் சீர்ப்படுத்தப்பட்டன. சிலருக்கு அது புதுமையாகத் தோன்றியிருக்கும்; உண்மையில் அது பழமையிலும் பழமை. 1963-ல் வத்திக்கான் பொதுச்சங்கம் தாய்மொழிக்கு வழி திறந்தபின், அந்தப் புகழுரை என்ன சொல்கிறது என்பதை நம் வீட்டுப் பெரியவர்களும் தமிழிலேயே கேட்டறிந்தார்கள்.

இரவைத் திரும்பப் பெற்ற நாம் அதை என்ன செய்கிறோம்? நெருப்பு மந்திரித்து முடிந்தபின், விளக்குகளெல்லாம் எரிந்தபின், மணியடிக்கும் நேரத்துக்கு வந்து சேருகிற குடும்பங்கள் எத்தனை! சிலர் கோவில் இருளில் கைப்பேசி வெளிச்சத்தைத் தட்டிவிட்டு இடம் தேடுகிறார்கள். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்கிறீர்கள். தூங்கட்டுமே. இருட்டில் ஒரு சுடர் தன்னிடம் வந்ததைப் பார்த்துவிட்டுத் தூங்கட்டும். விளக்கம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அந்தக் காட்சியைப் பிறகு காட்ட முடியாது.

ஞானஸ்நானத்தில் நம் திரி ஏற்றப்படுவது இந்தப் பாஸ்குத் திரியில்தான். நம் அடக்கப் பூசையிலும் அதுவே பெட்டியருகே வைக்கப்படுகிறது. அன்று பேச முடியாத குழந்தை. இன்று பேச முடியாத மனிதன். இரு வேளையும் திருச்சபை அவன் பக்கத்தில் நின்று அதே சுடரைக் காட்டுகிறது.

பெந்தெகொஸ்தே திருநாளுக்குப் பின் பாஸ்குத் திரி ஞானஸ்நானத் தொட்டியருகே வைக்கப்படும். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், அதில் பொறித்திருக்கும் ஆண்டை வாசிக்கச் சொல்லுங்கள்.