மாதிரிக் கட்டுரையை மூடி வையுங்கள்
மொழித் தேர்வுகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் கணவர் சமர்கண்டில் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். நான் சென்னையில் பள்ளி ஆங்கில ஆசிரியையாக இருந்தவள். இங்கே எங்கள் வீட்டுக்காரரின் மகளுக்கு வயது 19. என்னை ‘ஓபா’ என்பாள். இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வெளிநாட்டில் படிக்க அவளுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் ஆறரை பேண்ட் வேண்டும். ஒருமுறை எழுதி, மொத்தத்தில் ஐந்தரை வாங்கினாள். எழுத்துப் பகுதியில் ஐந்துதான். பயிற்சி மையத்தில் கொடுத்த மாதிரிக் கட்டுரைகளை இரவு பகலாக மனப்பாடம் செய்கிறாள். ‘உஸ்பெக்கில் நினைக்கவே கூடாது’ என்றும் சொல்லியிருக்கிறார்களாம். எனக்குக் கடைத்தெருவில் பேரம் பேசும் அளவுக்குத்தான் உஸ்பெக் தெரியும். நான் எப்படி உதவலாம்?
— வாசகி, சமர்கண்ட்

பதில்: முதல் வேலையாக அந்த மாதிரிக் கட்டுரைகளை மூடி வைக்கச் சொல்லுங்கள். எழுத்துப் பகுதிக்கு நான்கு அளவுகோல்கள் உண்டு: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, கருத்து கோவையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. மனப்பாட வரிகளைக் கண்டுபிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. கட்டுரை முழுவதுமே மனப்பாடம் என்பது உறுதியானால் பூஜ்யம்தான். பாதி மனப்பாடமும் காப்பாற்றாது. பளபளப்பான முதல் பத்திக்கு அடுத்தாற்போல் அந்தப் பெண்ணின் சொந்த ஆங்கிலம் வந்து நிற்கும்போது, அது உண்மையில் இருப்பதைவிட ஏழையாகத் தெரியும்.

‘உஸ்பெக்கில் நினைக்காதே’ என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணின் சிந்தனை முழுவதும் தாய்மொழியில்தான் இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டு எழுதச் சொன்னால் எட்டு வயதுக் குழந்தையின் கருத்துகள்தான் தாளில் இறங்கும். எந்தக் கருத்தை எழுதப் போகிறோம் என்பதை அவள் உஸ்பெக்கிலேயே யோசிக்கட்டும். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு மொழிகளும் எங்கே பிரிகின்றன என்பது தெரிந்திருந்தால் போதும். இந்த இடத்தில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்குக் கிடைக்காத வசதி உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் தமிழ் பேசுபவர்.

உஸ்பெக்கில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘நான் படித்த புத்தகம்’ என்பதை ‘மென் ஓகிகன் கிதோப்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் நம் வரிசை. ‘வருவான் என்று சொன்னான்’ என்பதில் நம் ‘என்று’ செய்யும் வேலையை அங்கே ‘தெப்’ செய்கிறது. ‘படித்துப் பார்’ என்பதைக்கூட அவர்களும் படித்தலையும் பார்த்தலையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஆகவே ஆங்கிலத்தில் உங்கள் மாணவி தடுக்கி விழும் இடங்களில் பாதி, நம் ஊர்ப் பிள்ளைகளும் விழுந்த இடங்கள்தான். நீங்கள் வகுப்பில் பார்க்காததா?

ஆர்ட்டிகிளிலிருந்து தொடங்குங்கள். உஸ்பெக்கில் ‘எ’யும் இல்லை, ‘தி’யும் இல்லை. ரஷ்ய மொழியிலும் இல்லை என்பதால் பள்ளியில் ரஷ்யன் கற்றதும் இதற்கு உதவாது. பயிற்சி மையங்கள் இருபது முப்பது விதிகளைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். அவற்றை ஒதுக்குங்கள். அவளிடம் ‘கிதோப் ஓகிதிம்’ என்பதற்கும் ‘கிதோப்னி ஓகிதிம்’ என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். முதலாவது ‘புத்தகம் படித்தேன்’. ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது ‘புத்தகத்தைப் படித்தேன்’; உனக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். நம் ‘ஐ’ உருபு செய்வதை அங்கே ‘னி’ செய்கிறது. கேட்பவருக்கு எது என்று தெரியுமா, தெரியாதா என்ற கணக்கை அவள் மழலையிலிருந்தே பிழையில்லாமல் போட்டு வருகிறாள். ஆங்கிலத்தில் ‘தி’ வைப்பதும் பெரும்பாலும் இதே கணக்குதான். வித்தியாசம் ஒன்று: உஸ்பெக்கில் அந்தக் கணக்கு பெரும்பாலும் செயப்படுபொருளில்தான் வெளியே தெரிகிறது, ஆங்கிலத்தில் எழுவாய் உட்பட எல்லாப் பெயர்ச்சொல்லிலும் காட்ட வேண்டும். நாட்டுப் பெயர், ஆற்றுப் பெயர் போன்ற விதிவிலக்குகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் இங்கேயும் கேட்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டால் பயம் போய்விடும். நான் இதைப் பெரிதாகச் சொல்வது அதனால்தான்.

எண்ணுக்குப் பின் பன்மை அடுத்தது. ‘பெஷ்தா கிதோப்’ என்றால் ஐந்து புத்தகம். எண்ணே பன்மையைச் சொல்லிவிடுவதால் பெயர் மாறாது. பேச்சுத் தமிழும் அப்படித்தான். கட்டுரையில் ‘எஸ்’ விழுந்துபோவது இதனால். உஸ்பெக்கில் நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பெரும்பாலும் ஒரே வினை வடிவம் போதும். அதனால் ‘இஃப்’ வாக்கியத்தில் ‘வில்’ வந்து உட்காரும். ‘ஹேவ்’ என்ற வினைக்கும் அங்கே இடமில்லை. ‘என் புத்தகம் இருக்கிறது’ என்ற அமைப்பில்தான் உடைமையைச் சொல்வார்கள்.

உங்கள் தமிழ்க் காது எச்சரிக்காத ஓர் இடமும் உண்டு. அவன், அவள், அது மூன்றுக்கும் உஸ்பெக்கில் ‘உ’ என்ற ஒரே சொல்தான். அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டே அவள் ‘ஹி’ என்றால் கவனக்குறைவு என்று கோபிக்காதீர்கள். அவள் மொழி இதுவரை அந்த வேறுபாட்டைக் கேட்டதே இல்லை. வகுப்புக்கு வரும்போதெல்லாம் வீட்டில் ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் பற்றி மாற்றி மாற்றிச் சில நிமிடம் பேசச் சொல்லுங்கள். இது நாக்குக்குத் தர வேண்டிய பயிற்சி. விளக்கம் சொல்லித் தீராது.

வாக்கிய நீளத்தையும் பாருங்கள். ‘போய், பார்த்து, கேட்டு, வாங்கி வந்தான்’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போவது தமிழுக்கு அழகு, உஸ்பெக்குக்கும் அழகு. அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினால் யார் என்ன செய்தார் என்பதே குழம்பிவிடும். எழுவாயும் வினையும் அடுத்தடுத்து வரும் வாக்கியத்தை முதலில் எழுதட்டும். விளக்கம் பின்னால் வரட்டும்.

பயிற்சி முறை இதுதான். எழுத்துப் பகுதிக்கு 60 நிமிடம். முதல் பணிக்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதற்கு 250. இரண்டாவதற்கு மதிப்பெண்ணில் இரு மடங்கு எடை என்பதால் அதற்கு 40 நிமிடம் ஒதுக்க வேண்டும். அந்த நாற்பதில் கடைசி ஐந்து நிமிடத்தைத் திருத்தத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் தேடக் கூடாது. ஒருமுறை ஆர்ட்டிகிளுக்கு மட்டும், ஒருமுறை ‘எஸ்’ஸுக்கு மட்டும், ஒருமுறை ‘ஹி’, ‘ஷி’க்கு மட்டும் கண்ணை ஓட்ட வேண்டும். நீங்கள் திருத்தும்போது சரியான வடிவத்தை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் கோடு மட்டும் போடுங்கள், அவளே கண்டுபிடிக்கட்டும். அதே கட்டுரையை அடுத்த நாள் திரும்ப எழுத வையுங்கள். புதிதாகப் பத்துக் கட்டுரை எழுதுவதைவிட ஒரு கட்டுரையை மூன்று முறை எழுதுவது பலன் தரும்.

மொத்த மதிப்பெண் நான்கு பகுதிகளின் சராசரி. கால் வந்தால் அரைக்கு உயரும். கேட்டலிலும் வாசிப்பிலும் ஆறரை, பேச்சிலும் எழுத்திலும் 6 என்றால் சராசரி ஆறேகால். சான்றிதழில் ஆறரை என்றே வரும். ஆனால் சில பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகக் குறைந்தபட்சம் கேட்கும். அவள் சேரப்போகும் இடத்தின் விதியை முதலில் படித்துவிடுங்கள்.

கேள்வி: உஸ்பெக் மொழி தமிழிலிருந்து பிரிந்தது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. உஸ்பெக் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உய்குர் அதற்கு நெருங்கிய உறவு. ஆந்திஜானில் 1483-இல் பிறந்த பாபர் தன் நினைவுக் குறிப்புகளை எழுதிய சகதாய் மொழியே அதன் முன்னோடி. வினை கடைசியில் வருவதும் உருபுகள் ஒட்டுவதும் ஜப்பானிய, கொரிய மொழிகளிலும் உண்டு. அமைப்பில் ஒத்திருப்பது வேறு, ஒரே தாய்க்குப் பிறப்பது வேறு. கற்பிப்பவருக்கு முன்னது போதும்.

கேள்வி: புகாராவில் மருத்துவம் படிக்கிறேன். எங்கள் விடுதிக்கு அருகே வசிக்கும் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவர் நாற்பத்தைந்து வயதில் தேர்வு எழுதத் தயாராகிறார். நாட்டின் சொந்தத் தேர்வை எழுதுவதா, ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுவதா என்று என்னிடம் கேட்டார். கேட்டல் பகுதியில் விடை புரிந்தும் எழுத்துப்பிழையால் மதிப்பெண் போகிறது என்றும் வருந்துகிறார்.
— மருத்துவ மாணவர், புகாரா

பதில்: உஸ்பெகிஸ்தான் அரசு நடத்தும் தேர்வு ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின்படி பி1, பி2, சி1 என்று நிலை தருகிறது. உள்நாட்டில் கல்லூரிச் சேர்க்கைக்கும் ஆசிரியர் பணிக்கும் அந்தச் சான்றிதழ் மதிக்கப்படுகிறது. அவர் தன் ஊரிலேயே கற்பிக்கப் போகிறார் என்றால் அதுவே பொருத்தம். நாடு தாண்டிப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் ஐ.இ.எல்.டி.எஸ்.; அதன் முடிவை இரண்டு ஆண்டுகள் வரைதான் பொதுவாக ஏற்பார்கள்.

எழுத்துப்பிழைக்குக் காரணம் இருக்கிறது. அவர் வயதினர் சிரிலிக் எழுத்தில் படித்து வளர்ந்தவர்கள். லத்தீன் எழுத்துக்கு மாறும் சட்டம் 1993-இல் வந்தது. பள்ளிகளில் அது படிப்படியாகத்தான் நுழைந்தது. எந்த எழுத்தில் எழுதினாலும் உஸ்பெக்கில் பெரும்பாலும் ஒலிப்பதை எழுதினால் போதும். ஆங்கிலத்தில் அது நடக்காது. போதாததற்கு ‘கம்ப்யூட்டர்’, ‘டெக்னாலஜி’ போன்ற சொற்கள் ரஷ்யன் வழியாக உஸ்பெக்குக்கு வந்து, அங்கே வேறு எழுத்துகளில் பழகிவிட்டன. தெரிந்த சொல் என்று கை தானாக எழுதிவிடும். ஆக, அவர் அஞ்ச வேண்டியவை தெரியாத சொற்கள் அல்ல; தெரிந்த சர்வதேசச் சொற்கள். அவற்றை மட்டும் ஒரு நோட்டில் சேர்த்து, நாள்தோறும் யாராவது வாசிக்கக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நீங்களே வாசிக்கலாம். பொருள் மாறிய சொற்களையும் அதில் சேர்க்கட்டும்: அங்கே ‘மகஸீன்’ என்றால் கடை, ‘ஃபமிலியா’ என்றால் குடும்பப் பெயர்.

2012 டிசம்பரில் வந்த அதிபர் ஆணைக்குப் பிறகு உஸ்பெகிஸ்தானில் முதல் வகுப்பிலேயே அந்நிய மொழி தொடங்குகிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர் இந்த வயதில் தன் ஆங்கிலத்தைச் சீராக்க முன்வருவது மிகவும் மதிக்கத்தக்க காரியம். உங்களால் முடிந்த நேரத்தைக் கொடுங்கள்.

கேள்வி: தாஷ்கண்டில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. உடன் பணிபுரியும் உஸ்பெக் நண்பர் பேச்சுப் பயிற்சிக்காக என்னிடம் வருகிறார். உச்சரிப்பு ஆங்கிலேயர் மாதிரி இல்லை என்பதே அவர் கவலை. ஏற்கெனவே சிலமுறை ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு எழுதிவிட்டார். மதிப்பெண் நகரவில்லை, மறுபடியும் பணம் கட்டப் போகிறார்.
— வாசகர், தாஷ்கண்ட்

பதில்: யாரைப் போலவும் பேச வேண்டாம். பேச்சுத் தேர்வில் உச்சரிப்பை அளப்பது புரியும்படி பேசுகிறாரா என்பதைக் கொண்டுதான். உஸ்பெக் சாயல் இருப்பதற்காக மதிப்பெண் குறையாது; புரிதல் கெடும் இடத்தில்தான் குறையும். அப்படிக் கெடுப்பவை சில. ‘திங்க்’ என்பதன் முதல் ஒலி உஸ்பெக்கில் இல்லாததால் ‘சிங்க்’ ஆகிவிடும். குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றாத மொழி அது. ‘ஷிப்’பும் ‘ஷீப்’பும் ஒன்றாகிவிடும். நெடில் விஷயத்தில் தமிழர் நீங்கள் நன்றாகவே வழிகாட்டலாம். சொல்லின் இறுதியில் வரும் மெல்லிய ‘ப’, ‘த’ ஒலிகள் உஸ்பெக்கில் வலிந்து ஒலிக்கும் என்பதால் ‘ரைட்’, ‘ரைட்’ என்று நாம் ஒரே மாதிரி எழுதும் சவாரியும் சரியும் அவர் வாயிலும் ஒன்றாகவே வரும். இவற்றைவிட முக்கியம் அழுத்தம். உஸ்பெக்கில் அது பெரும்பாலும் கடைசி அசையில் விழும்; ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாறும். புதுச் சொல் கற்கும்போதே அழுத்தம் எங்கே என்று கேட்டுக் கற்பது நல்லது.

தேர்வு 11 முதல் 14 நிமிடம். நடுப் பகுதியில் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். அவர் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்து, அவரையே கேட்டு எழுத வையுங்கள். தன் பிழை தன் காதில் விழும்போதுதான் திருந்தும்.

மறுபடியும் பணம் கட்டுவது பற்றி: வேண்டாம். தேர்வு எழுதுவது பயிற்சி ஆகாது. ஐரோப்பிய அளவுகோலில் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக ஏறத்தாழ 200 மணி நேர வழிகாட்டப்பட்ட படிப்பு தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறையின் மதிப்பீடு. நாளுக்கு இரண்டு மணி என்றாலும் மூன்று மாதத்துக்கு மேல். அந்தப் படிப்பு நடக்காமல் மாதா மாதம் எழுதினால் அதே மதிப்பெண்தான் திரும்ப வரும். கேம்பிரிட்ஜ் வெளியிட்ட பழைய தேர்வுத் தாள்களை நேரம் வைத்து வீட்டில் எழுதட்டும். தொடர்ந்து மூன்று தாளில் வேண்டிய மதிப்பெண் வந்த பிறகு தேதி வாங்கட்டும். அதுவரை அந்தப் பணம் அவர் வீட்டுச் செலவுக்கு ஆகட்டும் என்று நண்பரிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள்.