முன் பிரேக்கில் கை வைக்கும் தம்பிகளுக்கு

1. வண்டி வந்து நின்றதும் ஸ்பானரைத் தேடாதே. ஓட்டுகிறவரிடம் மூன்று கேள்வி கேள். எப்போதிலிருந்து இப்படி? காலையில் எடுத்ததுமே இருக்கிறதா, ஓடிச் சூடான பிறகு வருகிறதா? கடைசியாக யார், எதைக் கழற்றினார்கள்? பாதி வண்டிகளின் வியாதி மூன்றாவது பதிலிலேயே வந்துவிடும். "பிரேக் சரியில்லண்ணே" என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். லீவர் மெத்தென்று அமுங்குவது ஒன்று. லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காதது இன்னொன்று. விட்ட பிறகும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பது, பிடிக்கும்போது கையில் தட்டுவது என்று இன்னும் இரண்டு. எது என்று நீயே பிடித்துப் பார்த்து முடிவு செய்த பிறகே கழற்ற வேண்டும். தெரியாமல் பேட் மாற்றி, அதுவும் சரிவராமல் மாஸ்டர் சிலிண்டர் மாற்றி, வாடிக்கையாளர் பணத்தில் தேடுவது வேலை ஆகாது.

2. லீவர் மெத்தென்று இருந்தால் நாலைந்து முறை விடாமல் அடித்துப் பார். அடிக்க அடிக்க ஏறினால் பெரும்பாலும் உள்ளே காற்று இருக்கிறது. ஏறிய லீவரை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால் கதை வேறு. ஆயில் எங்கோ வழி கண்டுபிடித்துவிட்டது. பேஞ்சோ போல்ட், அதன் வாஷர், ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் ஹோஸின் வளைவு, காலிப்பர் பிஸ்டனைச் சுற்றி என்று ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துவிட்டுப் பார். வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து ஆயிலைப் பின்னால் விடுகிறது. கிட் மாற்று. பேஞ்சோ போல்ட்டைக் கழற்றினால் வாஷரும் புதிதாகத்தான் போட வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி நம்பிக்கையாக அடைக்காது.

3. ஏர் எடுக்கும்போது அவசரம் கூடாது. நிப்பிளில் ரிங் ஸ்பானரை மாட்டி, அதன் மேல் உள்ளே தெரிகிற டியூபைச் செருகு. மறுமுனை ஆயில் உள்ள பாட்டிலில் முங்கியிருக்கட்டும். லீவரை அழுத்திப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, அதன் பிறகு லீவரை விடு. மூடுவதற்கு முன் விட்டால் எடுத்த காற்று திரும்ப உள்ளே போகும். மேலே டப்பாவில் ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இரு. எல்லாம் செய்தும் கொஞ்சம் மெத்தென்றே இருந்தால் குமிழி உயரமான இடத்தில், மாஸ்டர் சிலிண்டர் வாயில் நிற்கிறது. ஹேண்டில்பாரைத் திருப்பி அந்த இடத்தை மேலே வரவைத்து, ஹோஸை விரலால் தட்டியபடி லீவரை நுனியளவு மட்டும் அசைத்துக்கொடு. ஒவ்வொரு குமிழியாக டப்பாவுக்குள் ஏறி வருவது கண்ணுக்குத் தெரியும்.

4. ஆயில் டப்பா மூடியில் எழுதியிருப்பதைப் படி. டாட் 4 என்றால் டாட் 4. டாட் 5 சிலிகான் வகை, மற்றதோடு சேரவே கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4 குடும்பம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், கவனம். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்தத் தாங்குதிறன் 155 வரை இறங்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் பழைய ஆயில் கொதித்து ஆவியாகி, லீவர் வெறுமனே உள்ளே போகும். கீழே வந்து ஆறியதும் எதுவும் நடக்காததுபோல் பிடிக்கும். "மலையில பிரேக் போச்சுண்ணே, இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் நம்பு. அவரை அப்படியே திருப்பி அனுப்பாதே. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடு. டேங்கில் சிந்தினால் பெயின்ட்டைத் தின்னும், உடனே தண்ணீர் ஊற்று.

5. விட்ட பிறகும் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்தான் ஆளை அதிகம் அலைக்கழிக்கும். இங்கேதான் உன் மூளை வேலை செய்ய வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுற்று, லீவரைப் பிடித்து விடு, மறுபடி சுற்று. இறுகி நிற்கும்போது நிப்பிளைக் கால் சுற்று தளர்த்து. ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் மேலேயே சிறைப்பட்டிருக்கிறது, காலிப்பர் மேல் பழி இல்லை. நிப்பிளைத் திறந்தும் விடவில்லையென்றால் காலிப்பரில் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது. அழுத்தம்தான் காரணம் என்று தெரிந்தால், நிப்பிளை மூடி மறுபடி இறுக வைத்து, இம்முறை மாஸ்டர் சிலிண்டரிடம் உள்ள பேஞ்சோ போல்ட்டைத் தளர்த்து. சக்கரம் விட்டால் குற்றம் மாஸ்டரில். விடாவிட்டால் ஹோஸ் உள்ளே ஊறி அடைத்திருக்கிறது, வெளியே பார்க்கப் புதிதாகவே இருக்கும்.

மாஸ்டரில் முதலில் லீவரைப் பார். நுனியில் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். அழகுக்காக மாற்றிய லீவர்கள் பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கும். லீவர் சரியென்றால் டப்பா மூடியைத் திற. அடியில் ஊசி நுனியைவிடச் சின்னதாக ஒரு துளை. ஆயில் திரும்பி வருகிற வழி அதுதான். லீவரை மெல்ல அசைத்தால் தொடக்கத்திலேயே அந்த இடத்தில் ஆயில் சின்னதாகக் கொப்பளிக்க வேண்டும். கொப்பளிக்காவிட்டால் துளை அடைத்திருக்கிறது. அடைத்த துளையோடு ஓடினால் பேட் உரசிச் சூடேறும், சூட்டில் ஆயில் விரியும், திரும்ப வழியில்லாமல் பேடை இன்னும் தள்ளும். கொஞ்ச தூரம் ஓடியதும் சக்கரமே இறுகுவது இப்படித்தான். கேபிளின் ஒற்றை இழையால் மெதுவாகச் சுத்தம் செய், துளையைப் பெரிதாக்கிவிடாதே.

6. காலிப்பரைக் கழற்றினால் இரண்டு பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஒன்று தேய்ந்து மற்றது புதிதாக இருந்தால் காலிப்பர் பின்னில் நகரவில்லை. பின்னைச் சுத்தம் செய்து பிரேக்குக்கு உரிய கிரீஸ் வை. சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பிஸ்டனை எமெரி பேப்பரால் தேய்க்காதே. துரு குழி விழுந்திருந்தால் பிஸ்டனை மாற்று. உள்ளே தள்ளும் முன் டப்பாவில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார், நிரம்பி வழியும். பேட் இல்லாதபோது லீவரை யாரும் தொடக்கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

7. லீவர் கெட்டி, வண்டி நிற்கவில்லை என்றால் பேடை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார். நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடைகளில் கழுவி முடித்ததும் பளபளப்புக்காக டீசல் அடிக்கிறார்கள். அது டிஸ்க்கிலும் விழும். போர்க் ஆயில் சீல் போன வண்டியிலும் ஆயில் காலிப்பர் வரை வழியும். அங்கே சீலை மாற்றாமல் பேட் மாற்றினால் புது பேடும் வீண். ஆயில் குடித்த பேடைத் தேய்த்தோ எரித்தோ திரும்பப் போடுவதை என்னால் ஏற்கவே முடியாது. அந்த வண்டியில் பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்து போகும்.

8. கையில் தட்டினால் உடனே டிஸ்க் பெண்ட் என்று சொல்லாதே. முதலில் வீல் பேரிங், கோன் செட் இரண்டிலும் ஆட்டம் பார். பிறகு டிஸ்க்கைப் பல இடங்களில் அளந்து பார். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் பேச்சே இல்லை.

9. டிரம் வண்டியில் ஷூ தேய்ந்ததும் கேம் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டுக் கொடுக்கிற பழக்கம் உண்டு. செய்யாதே. கேம் அளவுக்கு மீறித் திரும்பிச் சக்கரத்தைப் பூட்டிவிடலாம். ஷூ தூசியைக் காற்றடித்து ஊதாதே, ஈரத்துணியால் துடை. உன் நுரையீரலுக்குச் சொல்கிறேன்.

10. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் 125 சிசி வரை சிபிஎஸ்ஸோ ஏபிஎஸ்ஸோ, அதற்கு மேல் ஏபிஎஸ் இருக்கும். சிபிஎஸ் வண்டியில் பின் பிரேக்கைப் பிடித்தாலும் முன் பிரேக் வேலை செய்யும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் விடாதே. ஏபிஎஸ் வண்டியில் சக்கரம் கழற்றினால் சென்சாரும் வளையமும் அடிபடாமல் பார்த்துக்கொள்.

11. வேலை முடிந்ததும் வண்டியைத் தள்ளும் முன்பே, நின்ற இடத்திலேயே லீவர் கெட்டியாகும்வரை அடி. பிஸ்டனைத் தள்ளிய பிறகு முதல் பிடியில் பிரேக்கே இருக்காது. பிறகு நீயே ஓட்டிப் பார். புது பேட் போட்டிருந்தால் முதல் 200, 300 கிலோமீட்டர் இடைவெளி விட்டு ஓட்டும்படி வாடிக்கையாளரிடம் சொல், கழற்றிய பழைய பேடை அவர் கையிலேயே கொடு.