பற்று நோட்டும் பெருந்தீயும்

1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் சிங்கப்பூரில் ஹஜ்ஜுப் பெருநாள். நம்மவர் தொழுகை முடித்து, குர்பானி இறைச்சியைப் பங்கிட்டு, உற்றார் வீடுகளுக்குச் சென்று கொண்டிருந்த பிற்பகலில், தியோங் பாருவை அடுத்த கம்பத்தில் தீப்பிடித்தது. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாக வீடுகள் நெருங்கி நின்ற இடம். காற்றும் பலமாக வீசிற்று. நெருப்பு புக்கிட் ஹோ ஸ்வீக்குப் பரவி இரவில்தான் அடங்கியது. நால்வர் மாண்டனர்; ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்.

பள்ளிக்கூடங்கள் புகலிடமாயின. நிவாரண நிதி திரண்டது. 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எரிந்த நிலத்திலேயே அடுக்குமாடி வீடுகளை எழுப்பிற்று. இவை சரித்திரத்தில் ஏறிவிட்ட செய்திகள். வியாபாரிகளாகிய நாம் சிந்திக்க வேண்டியது வேறொன்று.

கம்பத்து ஏழை அரிசியும் எண்ணெயும் நாள்தோறும் ரொக்கத்திற்கா வாங்குவான்? சிறு நோட்டில் பற்று எழுதிச் சம்பள நாளில் தீர்ப்பான். ‘555’ நோட்டை நம் மூத்தவர்கள் அறிவார்கள். வீடு எரிந்தால் அவனுடைய பாய், சட்டி, துணி எல்லாம் எரியும். பற்று மட்டும் எரிவதில்லை. அது கடைக்காரர் மேசைக்குள் பத்திரமாயிருக்கும். இப்போது கடைக்காரர் செய்ய வேண்டியது யாது?

நிதிக்கு ஐம்பது வெள்ளி கொடுத்துப் பட்டியலில் பெயர் சேர்ப்பது எளிது. (சேர்க்கட்டும், குறை கூறவில்லை.) ஆனால் கடன்பட்டவர் கஷ்டத்திலிருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் நன்று என்பது திருமறையின் அல் பகரா 280ஆம் வசனத்தின் கருத்து. அங்கே கடனாளியின் இனம் கேட்கப்படவில்லை. ‘அல் மாஊன்’ அத்தியாயமோ அற்பப் பொருளையும் கொடுத்துதவ மறுப்போரைக் கண்டித்து முடிகிறது. வாளி, சட்டி, உப்பு போல அண்டையார் இரவல் கேட்பவையே மாஊன் என்று விரிவுரையாளர் பலர் பொருள் கூறுவர்.

சொல்வது சுலபம், சில்லறைக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரியிடம் தவணை உண்டல்லவா? பத்துப் பேர் பற்று நின்றால் கடையே ஆடிப்போகும். எல்லாவற்றையும் தள்ளிவிடு என்று மார்க்கமும் கட்டாயப்படுத்தவில்லை. அவகாசம் கடமை, தள்ளுபடி மேன்மை. ஆகவே மொத்த வியாபாரி தம் தவணையை ஒரு மாதம் தள்ளினால்தான் சில்லறைக் கடைக்காரர் வீடிழந்தவருக்குத் தவணை தள்ள முடியும். நம் சங்கத்தில் இரு சாராரும் இருக்கிறோம். இதைக் கூடிப் பேசி முடிவு செய்யலாம். 1961இல் சிங்கப்பூர் தனி நாடாகவில்லை, அது 1965இல்தான். எனினும் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே கடையில் பற்று வைத்திருந்த ஊர் முன்பே இருந்தது. தேசிய ஐக்கியம் என்பதை மேடையைவிட அந்தப் பற்று நோட்டில் தேடலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. பாயும் போர்வையும் தேவைப்படும் வாரத்தில் அவற்றின் விலையை ஏற்றாதீர்கள். வீடிழந்தவர் கடைக்கு வந்தால், பிறர் முன்னிலையில் பாக்கியைப் பற்றிப் பேசாதீர்கள். பிள்ளைகள் எங்கே தங்கியிருக்கிறார்கள், சாப்பிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். நோட்டு மேசைக்குள்ளேயே இருக்கட்டும்.