பாலூட்டும் தாய்மாரும் கருத்தடை முறைகளும்

பீர்மேடு தாலுகாவில் வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை முதலிய ஊர்களைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. குழந்தை பால் குடிக்கும்வரை கரு நிற்காது என்னும் நம்பிக்கை தமிழ் மக்களிடையே பழமையானது. இதை மூடநம்பிக்கை என்று ஊழியர் தள்ளிவிடலாகாது. அதில் உண்மை உண்டு. ஆனால் அவ்வுண்மைக்கு எல்லையும் உண்டு.

குழந்தை முலைக்காம்பைச் சப்பும்போது எழும் நரம்புத் தூண்டுதல் மூளைக்குச் சென்று, சினைமுட்டை முதிர்வதற்கு வேண்டிய ஹார்மோன்களின் சுரப்பைத் தடுக்கிறது. தூண்டுதல் அடிக்கடி நிகழ்ந்தால்தான் தடை நிலைக்கும். 1988ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் மூன்று நிபந்தனைகளை வகுத்தனர். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கலாகாது. தாய்க்கு மாதவிடாய் திரும்பியிருக்கலாகாது. குழந்தைக்குத் தாய்ப்பாலே முழு உணவாக, அல்லது ஏறத்தாழ முழு உணவாக இருத்தல் வேண்டும். மூன்றும் பொருந்தினால் 100க்கு 98 பங்கு பாதுகாப்பு உண்டு. ஒன்று தவறினாலும் வேறு முறையை உடனே மேற்கொள்ள வேண்டும். பகலில் நான்கு மணி, இரவில் ஆறு மணி நேரத்திற்கு மேல் பாலூட்டாமல் இருத்தல் கூடாது என்பதும் இதனுடன் சேர்த்துக் கூறப்படும் விதியாகும்.

தோட்டத்தில் இடர் தோன்றுவது இவ்விடத்தில்தான். காலையில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய், குழந்தையைக் காப்பகத்தில் விட்டுச் செல்கிறாள். மலைச்சரிவின் மேற்கோடியில் அன்றைய வேலை அமைந்தால் நான்கு மணி நேரம் எளிதில் கடந்துவிடும். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. ஆயினும் அதில் 8 வாரத்தைப் பேற்றிற்கு முன்பே எடுத்துக்கொண்டவளுக்குப் பின்னர் எஞ்சுவது 18 வாரமே. ஆறு மாதம் முடியுமுன் அவள் வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். 2000ஆம் ஆண்டிற்குப் பின் இப்பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டமையால் ஏலக்காட்டிற்கு நாட்கூலிக்குச் செல்வோர் நிலை இன்னும் கடினம். பாலைப் பீய்ச்சி வைத்துச் செல்வது குழந்தைக்கு நன்று. ஆனால் சப்புதலுக்கு அது ஈடாகாது. சிலி நாட்டில் அவ்வாறு செய்த உழைக்கும் தாய்மாரை ஆராய்ந்ததில், ஆறு மாதத்திற்குள் 100க்கு ஏறத்தாழ 5 பேர் கருவுற்றனர்.

மாதவிடாய் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பாரும் உளர். முதல் மாதவிடாய்க்கு முன்னரே சினைமுட்டை வெளிவரக்கூடும் என்பதை அவர்களுக்கு விளக்குதல் வேண்டும்.

ஆகவே வேலைக்குத் திரும்புமுன் மாற்று முறையைத் தேர்ந்துகொள்வதே ஏற்றது. காப்பர்-டி பாலுக்கு ஊறு செய்வதன்று. பேற்றிற்குப்பின் 48 மணி நேரத்திற்குள், அல்லது ஆறு வாரத்திற்குப்பின் அதைப் பொருத்தலாம். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்ட சென்ட்குரோமான் என்னும் மாத்திரை ஸ்டீராய்டு ஹார்மோன் அற்றது. அரசு அதனைச் 'சாயா' என்னும் பெயரால் வழங்குகிறது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும், பின்னர் வாரம் ஒருமுறையும் உண்ண வேண்டும். இதனால் மாதவிடாய் சிலருக்குத் தள்ளிப்போகும்; முன்கூட்டிச் சொல்லாவிடில் அஞ்சி நிறுத்திவிடுவர். கல்லீரல் நோயோ சினைப்பைக் கட்டியோ உடையவர்க்கு இது தகாது. மூன்று மாதத்திற்கொருமுறை போடும் 'அந்தரா' ஊசியைப் பாலூட்டுவோர் ஆறு வாரம் கழிந்தபின் போட்டுக்கொள்ளலாம்; அதை நிறுத்தியபின் மீண்டும் கருவுறச் சில மாதங்கள் தாமதமாகும். ஆணுறைக்கு எக்காலமும் தடையில்லை.

விலக்க வேண்டியது 'மாலா-என்' போன்ற கூட்டு மாத்திரையாகும். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் பால் சுரப்பைக் குறைக்கக்கூடும். பேற்றையடுத்த வாரங்களில் இரத்தக் கட்டு உண்டாகும் அபாயத்தையும் மிகுவிக்கும். ஆறு மாதம்வரை பாலூட்டுவோர் அதனை உட்கொள்ளலாகாது. பழைய மாத்திரை அட்டை வீட்டில் எஞ்சியிருந்தால் அதையே மீண்டும் தொடங்குவது இயல்பாதலால், லயத்திற்குச் செல்லும் ஊழியர் இதனை முதலிற் கேட்டறிய வேண்டும்.

இனிக் குழந்தை வேண்டாம் என முடிவு செய்தோர்க்குக் கணவர் செய்துகொள்ளும் தழும்பில்லா அறுவை மிக எளியது. தாயின் பாலையோ உடலையோ அது தொடுவதில்லை. அறுவைக்குப்பின் மூன்று மாதம்வரை, விந்துப் பரிசோதனை முடியும்வரை, வேறு முறையையும் கைக்கொள்ள வேண்டும். இதைக் கணவரிடமே நேரில் சொல்லுதல் நலம். மனைவி வழியாகச் சொல்லியனுப்பும் செய்தி பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை.